எட்டு வரைக்கும் எண்ணிய மேகலா

மேகலாவின் கணவர் சேகர் போன் செய்தபோது பூப்பந்துக் கோர்ட்டில் இருந்தவர்கள் நாலு பேர். நான், பார்வதி அக்கா, தேவகி டீச்சர், அம்பிகா. வேறு யாரும் இல்லை. மேகலாவும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஏனென்றால், ராத்திரியில் எங்களோடு குதித்து ஆடிக்கொண்டிருந்தபோதுதான் மேகலா விழுந்தாள் என்று எங்கள் ஊர் உலு திராமில் இப்போது பல பேர் பேசுகிறார்கள். அன்றைக்கு அவள் கோர்ட்டுக்கு வரவே இல்லை.

நாங்களும் ஆடவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகளுக்கு நடுவே ஒரு பூப்பந்துக் கோர்ட் இருப்பதும், அதன் ஓரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருப்பதும் உங்களுக்குத் தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் எண்ண எண்ண நாங்கள் அங்கே உடற்பயிற்சி செய்வோம். அந்தப் பெஞ்சில் அவளுக்காகக் காத்திருந்தோம். சிங்கப்பூர் வேலை முடிந்து வரும்போது எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஒரு செய்தி அனுப்புவாள். எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "ஜேம். வெயிட் பண்ணுங்க." அன்றைக்கு மட்டும், "ஜேம். இன்னிக்கு நீங்க ஆரம்பிங்க" என்று வந்தது.

"அலமாக், இவ இல்லாம யாரு எண்ணுறது?" என்றார் பார்வதி அக்கா. "டீச்சர், நீங்க எண்ணுங்களேன்."

"நான் காலையில இருந்து பிள்ளைங்களுக்கு எண்ணிட்டுத்தான் வர்றேன். என்னை விட்டுருங்க."

"வெயிட் பண்ணுவோம். வந்து நம்மள ஏசட்டும். அவங்க ஏசலன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றாள் அம்பிகா.

சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் என் போன் அடித்தது. சேகர் குளுவாங்கில் லோரியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தாராம். "அக்கா, மேகலா போயிட்டா" என்றார். இமிகிரேஷன் தாண்டி, ஜொகூர் பாரு பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் நேரம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் பார்வதி அக்கா எழுந்து போய் விளக்கை அணைத்தார்.

தேவகி டீச்சர் சிலோன் குடும்பத்தில் வந்தவர். அவர்கள் பக்கத்தில் இறந்தவரைப் பற்றி எழுதிச் சின்னப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுப்பார்களாம். நம் பக்கம் அந்த வழக்கம் இல்லை. அதைக் கேட்ட சேகர், பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு தாளாவது வேண்டும், நீங்களே எழுதுங்கள் அக்கா என்றார். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. தேவாரப் புத்தகத்தையும் தமிழ்ப் பேப்பரையும் வைத்து எழுத்துக் கூட்டிப் பழகியவள். கொத்தமல்லி வாங்கினாலும் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். கோயில் அன்னதானத்துக்கு நான் எழுதிய அறிவிப்பைப் பார்த்து மேகலா ஒரு தடவை, "நல்லாத்தான் எழுதுறீங்க. ஆனா படிக்கும்போது யாரோ கும்பிடச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள். இதையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் என்னை முதலில் கூப்பிட வந்த நாளை மறக்க முடியாது. கிளினிக்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எப்போது நடப்பது? விடியுமுன் எழுந்தால் சமையல், மாமனாருக்கு மருந்து, பூசை. சாயங்காலம் விளக்கு ஏற்றினால் அதன் பிறகு வாசலைத் தாண்டுவதில்லை என்று வளர்ந்தவள் நான். எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குக் கிளம்புவார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மேகலா எங்கள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவள். பை இன்னும் தோளில் தொங்கியது.

"அக்கா, காலை நேரம் கம்பெனிக்காரனுது. சாயங்காலம் பஸ்காரனுது. ஏழு மணி, எட்டு மணி வீட்டுல உள்ளவங்களுது. ஒன்பது மணி மட்டும்தான் யாருக்கும் வேண்டாம். அதை நாம எடுத்துக்குவோம்."

"சட்டி எல்லாம் அப்படியே கிடக்குது, மேகலா."

"கழுவினா மட்டும்? நாளைக்கும் அழுக்காகத்தானே போவுது. வாங்க."

நான் சேலையோடு போனேன். பார்வதி அக்கா நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்த மேகலா, "தேர் இழுக்கவா வந்தீங்க?" என்று கேட்டாள். அடுத்த நாள் என் மகனின் பழைய விளையாட்டுக் கால்சட்டையை உள்ளே போட்டு, மேலே நீளச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பயந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆரம்பிக்கலாம் என்று கையை மட்டும் தட்டினாள்.

அவளுக்கு எண்ணத் தெரிந்தது எட்டு வரைக்கும்தான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். கையை மேலே தூக்கினாலும், முட்டியை மடக்கினாலும், இடுப்பைத் திருப்பினாலும் ஒன்றிலிருந்து எட்டு. மறுபடியும் ஒன்று. கணக்கு எழுதுகிறவள் நான், எனக்கு அது பொறுக்கவில்லை. "மொத்தம் எவ்வளவு செஞ்சோம்னு தெரிய வேண்டாமா?" என்று கேட்டேன்.

"மொத்தம் சொன்னா பார்வதிக்கா வீட்டுக்குப் போயிருவாங்க" என்றாள். பார்வதி அக்கா வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்பவே போறேன்டி" என்றார். "எட்டு முடிச்சிட்டுப் போங்க" என்றாள் மேகலா. எட்டு முடிந்ததும் ஒன்று என்று ஆரம்பித்துவிட்டாள். பார்வதி அக்கா போகவில்லை. கோயில் படி ஏறவே இன்னொருத்தர் தோளைத் தேடுகிறவர் இந்தப் பங்குனித் திருவிழாவில் பால்குடத்தோடு நடந்தார். அதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அன்று அம்மனுக்கு அபிஷேகம். பிரகாரம் சுற்றுகிறேனே, அதுவே எனக்கு உடற்பயிற்சிதான் என்றும் சொன்னேன். "அம்மன் முன்னால நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறீங்க. அம்மனுக்கே பாவமா இருக்கும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோர்ட் இருட்டாக இருந்தது. எல்லாருக்கும் அன்று லீவு என்று அவள் சொல்லிவிட்டாளாம். அன்றைக்கு அவளே கோயிலுக்கு வந்தாள், வேலைச் சட்டையோடு, அபிஷேகம் முடிந்து நடை சாத்துகிற நேரத்துக்கு. "உங்க கோர்ட்டையும் பார்க்கலாம்னு வந்தேன்" என்றாள். எங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறை இப்படி வந்ததுதான்.

அவளுக்கு நெஞ்சில் எரிச்சல் இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வலைக் கம்பத்தில் கை வைத்து நிற்பாள். கேட்டால், "காஸ்ட்ரிக் லா. பஸ் ஸ்டேஷன்ல வடை தின்னேன்" என்பாள். நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குக் காஸ்ட்ரிக் என்றுதான் பெயர். நான் ஓமத் தண்ணீர் போட்டுக் கொண்டுபோனேன். டீச்சர் மாத்திரை கொடுத்தார். அம்பிகா முதுகைத் தடவிவிட்டாள். அவளும் பெரிதாக ஏப்பம் விட்டு, "போயிருச்சு" என்றாள். இதய ரத்தக் குழாயில் ரொம்ப நாளாக அடைப்பு இருந்திருக்கிறது, அவள் செய்த உடற்பயிற்சியால் வந்ததில்லை என்று சேகரிடம் டாக்டர் சொன்னாராம். சேகர் அதை என்னிடம் சொன்னார். நான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

யாரும் கேட்கிற மாதிரி இல்லை. சாவு வீட்டிலேயே அம்பிகாவின் மாமியார், எல்லார் காதிலும் விழும்படி, "பொம்பளைங்க ராத்திரியில ஆட்டம் போட்டா நெஞ்சு தாங்குமா?" என்றார். அம்பிகா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். "டாக்டர் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அந்த அம்மா. அவரை நான் குறை சொல்லவில்லை. மருமகளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயத்தில்தான் சொல்கிறார். பார்வதி அக்காவின் மகன் இனிமேல் ராத்திரியில் கேட்டைத் திறக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். என் வீட்டுக்காரர் போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் ஷிப்டுக்குப் போகும்போது, "இன்னிக்கு வீட்டுலதானே இருக்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

எட்டாம் நாள் படையலில் நடந்ததையும் எழுத வேண்டும். இறந்தவருக்குப் பிடித்ததை வைத்துப் படைப்பது நம் வழக்கம். மேகலாவுக்கு என்ன பிடிக்கும் என்று சேகர் மகளிடம் கேட்டார். கோலாலம்பூரிலிருந்து வந்த மகள் அப்பாவைப் பார்த்தாள். ரெண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். மேகலா காலைச் சாப்பாட்டைக் கம்பெனியிலும் ராத்திரிச் சாப்பாட்டைப் பஸ்ஸிலும் சாப்பிட்டவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாருக்கும் பிடித்ததைச் சமைத்தவள். அவளுக்கு எது பிடிக்கும் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னோம். கடைசியில் சேகர் உள்ளே போய், அவள் கோர்ட்டுக்குக் காலில் போட்டுவரும் நீலச் சப்பாத்தைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "இது அவளுக்குப் பிடிக்கும்" என்றார்.

சேகரின் பெரியப்பா எழுந்துவிட்டார். "படையல்ல சப்பாத்தா? கால்ல போடுறதா? எடுறா அதை!" சேகர் எடுக்கவில்லை. பெரியப்பா என் பக்கம் திரும்பி, "நீ பூசை எல்லாம் தெரிஞ்சவ. நீயே சொல்லும்மா, இது அடுக்குமா?" என்று கேட்டார்.

அடுக்காது. வேறு எந்த வீடாக இருந்தாலும் முதல் ஆளாகச் சொல்லியிருப்பேன். சாமி படத்தைப் பார்த்தேன். சேகரைப் பார்த்தேன். கடைசியில் அந்தச் சப்பாத்தை எடுத்து என் முந்தானையால் துடைத்து, வாசற்படிக்கு வெளியே, தெருவைப் பார்க்க வைத்தேன். கற்பூரம் காட்டும்போது சேகர் தட்டை வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். பெரியப்பாவும் உட்கார்ந்துகொண்டார். நான் செய்தது சரியா என்று அம்மனிடம் பிறகு கேட்டேன். இன்னும் தெளிவு வரவில்லை.

இப்போது ஒரு காரியம் என் கையில் நிற்கிறது. கோர்ட் விளக்குப் பெட்டியின் சாவி மேகலா பேரில் இருந்தது. அவள் வீட்டு கேட்டில் மாட்டிவைப்பாள், முதலில் வருகிறவர் எடுத்து விளக்கைப் போடுவோம். சேகர் அதை என்னிடம் கொடுத்துவிட்டார். குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து, "அந்த நேரத்தைப் பூப்பந்து ஆடும் பையன்கள் கேட்கிறார்கள். உங்களில் யாராவது பொறுப்பு எடுத்தால் தொடரலாம், இல்லையென்றால் வருகிற வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பையன்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஒரு தடவை விட்டால் அந்த ஒன்பது மணி நமக்குத் திரும்பி வராது. அது பையன்களுடையதாகிவிடும். நமக்குச் சட்டிதான்.

போன வாரம் ஒரு நாள் நான் தனியாகப் போய் விளக்கைப் போட்டேன். அவள் நிற்கிற இடத்தில் நிற்க மனம் வரவில்லை. என் இடத்திலேயே நின்று கையைத் தூக்கி எண்ணினேன். எட்டு வந்தது. மறுபடி ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் எண்ணத் தெரியாதவள் இல்லை. எனக்கு முன்னால் யாரும் இல்லை, அதுதான்.

அவளுடைய பொருளில் என்னிடம் இருப்பது அந்தச் சாவி ஒன்றுதான். பூசை அறைச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்திருக்கிறேன். மற்றது அவள் சொன்னது. ஒன்பது மணி யாருக்கும் வேண்டாம், நாம எடுத்துக்குவோம் என்றது. எட்டு முடிச்சிட்டுப் போங்க என்றது. கடைசியாகப் போனில் வந்தது, நீங்க ஆரம்பிங்க என்றது. அன்றைக்கு அதைப் படித்துச் சிரித்துவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். இன்னும் ஆரம்பிக்கவில்லை.

பார்வதி அக்கா, தேவகி டீச்சர், அம்பிகா, மேகலாவின் சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற வீட்டு அக்கா தங்கச்சிகளே: திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் விளக்கைப் போடட்டுமா? யார் எண்ணினாலும் சரி. வீட்டில் விடமாட்டார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் தலைவரிடம் வெள்ளிக்கிழமை காலையில் சொல்ல வேண்டும். வருகிறேன், வரவில்லை, ரெண்டில் ஒன்றை வியாழக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.