வாசலில் இருந்த ஒன்பதாவது விளக்கு

நான் செய்தவை எட்டு விளக்குகள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கதவில் ஒட்டிய அறிவித்தலில் அந்த எண்ணிக்கை இருக்கவில்லை.

அப்போது நாங்கள் ஹவுகன்ஸ்டுவாவில், எட்டு வீடுகளுக்கு ஒரே வாசலும் படிக்கட்டும் உள்ள மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் இருந்தோம். நோர்வேயில் ஹலோவீன் என்ற பேய்வேடத் திருநாள் இன்னும் புதிது. வயதான நோர்வேஜியர்கள் அதை அமெரிக்கக் குப்பை என்றார்கள். எங்கள் தமிழ் ஆட்கள், பேய்க்கும் விளக்கு வைப்பதா என்றார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை. விளக்கில்லாத வாசலுக்கு ஒருவரும் மிட்டாய் கேட்டு வரமாட்டார்கள் என்று என் ஒன்பது வயது மகள் இரண்டு கிழமையாக அழாத குறை.

மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற பெண்மணிதான் கட்டட நிர்வாகக் குழுவில் எங்கள் படிக்கட்டின் பிரதிநிதி. அவரிடம் அனுமதி கேட்டேன். வெளியே கல்படியில் மட்டும் வைக்கலாம், இரவு எட்டு மணிக்கு அணைத்துவிட வேண்டும் என்றார். அதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

ஆறு தேங்காய்ப்பால் பேணிகள், இரண்டு ஊறுகாய்ப் போத்தல்கள். எல்லாவற்றையும் மூன்று முறை கழுவினேன். ஊறுகாய் மணம் போக ஒரு இரவு சோடா உப்பில் ஊற வைத்தேன். பேணியில் வெறுமனே ஆணி அடித்தால் தகரம் நசியும். அதனால் தண்ணீர் நிரப்பி பிரீசரில் உறைய வைத்து, பனிக்கட்டியோடு சேர்த்துத்தான் துளையிட வேண்டும். முதல் பேணியைக் கழுத்துவரை நிரப்பியதில் அடிப்பக்கம் புடைத்து, நிற்காமல் ஆடியது. அதைக் கழித்துவிட்டு வேறொரு பேணியை எடுத்து, அடுத்தவற்றை முக்கால் பங்கு மட்டும் நிரப்பினேன். கண், மூக்கு, பல் எல்லாம் ஆணித் துளைகளால். போத்தல்களுக்கு மகள் கறுப்புக் காகிதத்தில் பூனை வெட்டி ஒட்டினாள்.

ஒக்டோபர் முப்பத்தோராம் திகதி மாலை ஐந்து மணிக்குக் கல்படியில் வைத்து ஏற்றினேன். எட்டு மணிக்குத் தேக்கரண்டியோடு இறங்கி, ஒவ்வொரு திரியையும் உருகிய மெழுகுக்குள் அமிழ்த்தி நூர்த்தேன். வாயால் ஊதி நூர்க்கும் பழக்கம் எனக்கில்லை.

அப்போதுதான் ஒன்பதாவதைக் கண்டேன். வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி. கத்தியால் கீறிய இரண்டு கண்கள், உள்ளே மெழுகுவர்த்தி. கல்படியில் அல்ல, கதவோரக் கால்மிதியின் மேல் எரிந்துகொண்டிருந்தது. யார் வைத்ததென்று தெரியவில்லை. வைத்தவர் வந்து நூர்ப்பார் என்று நினைத்து மேலே வந்துவிட்டேன்.

காலையில் பெட்டி உருகிக் கால்மிதியோடு ஒட்டிக் கிடந்தது. கால்மிதியில் உள்ளங்கையளவு எரிந்திருந்தது. கதவின் கீழ்ப்பகுதி கறுத்திருந்தது. மத்தியானம் கதவுக் கண்ணாடியில் அறிவித்தல்: இரண்டாம் மாடியில் செய்த கழிவு விளக்குகளால் கால்மிதி எரிந்தது, இனி இந்த வாசலில் அவை வேண்டாம். கீழே மூன்றாம் மாடிப் பெண்மணியின் கையெழுத்து.

கழிவு. மூன்று முறை கழுவிய பேணிகள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தபால்காரர் வாசிக்கிறார், மகளின் தோழிகள் வாசிக்கிறார்கள். வெளியூர் போகும்போதெல்லாம் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சாவி தருகிற முதலாம் மாடிப் பெண், அந்தக் கிழமை சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். என்னைக் கண்டதும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். அது கட்டியேதான் இருந்தது.

என் கணவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"இஞ்சேரும், பேசாமல் விடும். ஒரு கால்மிதிதானே, நாங்களே புதுசா ஒண்டு வாங்கிப் போடுவம்."

"வாங்கிப் போட்டா நான் எரிச்சதா ஆயிடும்."

"ஆகட்டுமன். வந்த இடத்திலை சண்டை எதுக்கு?"

வந்து பதினெட்டு வருடம். இன்னும் வந்த இடம். அறிவித்தலை எழுதியவரைவிட இவர்மேல்தான் எனக்கு அப்போது கோபம் கூட.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் எட்டு விளக்குகளையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, அன்றே கால்மிதியிலிருந்து கிளப்பி வைத்திருந்த உருகிய ஐஸ்கிறீம் பெட்டியை ஒரு பையில் போட்டு மேலே கொண்டுபோனேன். அந்தப் பெண்மணி கதவைத் திறந்ததும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணினார். பிறகு பையைத் திறந்து காட்டினேன். அவர் முகம் சிவந்தது. ஹலோவீன் அன்று பிற்பகல் பேரப்பிள்ளைகள் வந்து வெட்டி ஏற்றி வைத்ததாம், தான் அடியோடு மறந்துபோனதாம். மன்னிப்பும் கேட்டார். ஆனால் உடனேயே, எட்டு மணிக்கு நான் கீழே போனதைத் தான் யன்னலால் பார்த்ததாகச் சொல்லி, அந்தப் பெட்டியைக் கண்டும் ஏன் நூர்க்கவில்லை என்று கேட்டார்.

பிறர் ஏற்றிய விளக்கை நாங்கள் நூர்ப்பதில்லை, அந்த வீட்டுக்குக் கெடுதல் நினைத்ததுபோல் ஆகிவிடும் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

"வீடே எரிந்திருந்தால்?" என்றார்.

நியாயமான கேள்வி. அதனால்தான் இன்னும் எரிச்சல் வந்தது. அறிவித்தலைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார். கழற்றினால் போதாது, எழுதியதை எழுதித்தான் திருத்த வேண்டும் என்று பேனையை நீட்டினேன். இருவரும் கீழே இறங்கி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய தாள் ஒன்றை ஒட்டினோம். எரிந்த பெட்டி மூன்றாம் மாடியினுடையது, இரண்டாம் மாடியின் எட்டு விளக்குகளும் எட்டு மணிக்கே அணைக்கப்பட்டிருந்தன என்று அதில் அவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார்.

வாசித்துப் பார்த்தேன். எழுதியது சரி, ஆனால் முழுவதும் இல்லை. பேனையை வாங்கி மூன்றாவது வரியை நானே எழுதினேன்: ஒன்பதாவதை நான் கண்டேன், நூர்க்கவில்லை, அது என் பிழை. இரண்டாம் மாடி.

மாலையில் வேலையால் வந்த கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"கடைசி வரியை எழுதச் சொல்லி அவ கேட்டவவோ?"

"இல்லை."

"பிறகேன் எழுதினனீர்?"

"நடந்ததெண்டபடியால்."

"கழற்றட்டோ?"

"வேண்டாம். முதல் அறிவித்தல் நாலு நாள் இருந்தது. இதுவும் நாலு நாள் இருக்கட்டும்."