நின்ற இடத்தில் ஓடிய எஞ்சின்

ஜூன் 9, திங்கள். காலை 6.40. எஞ்சின் இயக்கப்பட்டது, சோக் முழுதாக இழுத்த நிலை. பத்து நிமிடம். ஓடிய தூரம்: இல்லை.

ஜூன் 10, செவ்வாய். அதே நேரம், அதே கால அளவு. ஓடிய தூரம்: இல்லை.

ஜூன் 17, செவ்வாய். சைலன்சரில் கரும்புகை.

ஜூன் 21, சனி. புகைப் பரிசோதனைக்காகக் கார் வெளியே எடுக்கப்பட்டது. அம்பிட்டிய ஏற்றத்தில் எஞ்சினுக்குள் தட்டும் ஒலி. பாதியில் வீடு திரும்பியது. சாவி திருப்பி வெளியே எடுக்கப்பட்டது. அதன் பின்னும் எஞ்சின் பதினொரு விநாடி ஓடியது.

அந்தச் சனிக்கிழமை பற்றிக் குறிப்பேட்டில் உள்ளவை இவ்வளவே. சாவி என் கையில் இருக்க, எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டிருந்த அந்தப் பதினொரு விநாடிகளை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

கார் என் மனைவியுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, அவளுடைய தகப்பனார் வழியாக அவளுக்கு வந்தது. முப்பத்தொரு வருடம் அதில்தான் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய் வந்தாள். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் பக்கத்து ஆசனத்தில் இருந்தே பழகியவன். சென்ற ஒக்டோபரில் அவள் இறந்தாள். கார் கெட்டுவிடக் கூடாது என்று தினமும் காலையில் அதை இயக்கி வைத்தேன்.

மஹய்யாவையில் கராஜ் வைத்திருப்பவர்தான் இருபது வருடமாக அந்தக் காரைப் பார்த்து வருகிறார். மெக்கானிக்குகளை இங்கே எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை பாஸ் என்றே அழைப்பேன். தொலைபேசியில் நடந்ததைச் சொன்னதும், சாவியைத் தொட வேண்டாம் என்றார். திங்களன்று அவரே வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்.

நான்கு பிளக்குகளையும் கழற்றினார். நான்கிலும் காய்ந்த கரி. விரலில் தேய்த்து என்னிடம் காட்டினார்.

"சேர், இத இப்ப யாரு ஓட்டுறது?"

"யாரும் ஓட்டுறதில்ல பாஸ். காலையில பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்."

"சோக்க இழுத்தா?"

"ஆமா."

"பத்து நிமிஷம். எங்கயும் போகாம." விரலைத் துணியில் துடைத்தார். "கார் என்ன சாமியா சேர், தெனமும் தீபாராதனை காட்டுறதுக்கு?"

ஆறு நாற்பது அவள் புறப்படும் நேரம் என்பதை ஒரு கராஜில் நின்றுகொண்டு சொல்ல முடியாது.

நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்பித்தவன். காற்றுக் குறைந்தால் எரிபொருள் முழுமையாக எரியாது, காபன் படியும் என்பது முதலாம் வருடப் பாடமும் அல்ல, அதற்கும் முந்தியது. சோக்கை இழுத்தால் காற்றுத்தான் குறைகிறது. சூடேறாத எஞ்சினில், எட்டு மாதம், ஒவ்வொரு காலையும் நான் கரியைப் படிய வைத்திருக்கிறேன். அந்தக் கரி ஏற்றத்தில் தணலாகி, பிளக்கின் பொறி இல்லாமலே பெற்றோலைப் பற்றவைத்தது. சாவியை எடுத்த பின்னும் ஓடியது அதனால்தான். அதே தணல் பிஸ்டனை உருக்கி ஓட்டையும் போடக்கூடும்.

பாஸ் ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தமானியை வைத்துப் பார்த்தார்.

"மூணாவதுல கொறையுது சேர். கொஞ்சம் எண்ணெ ஊத்திட்டு மறுபடி பாப்போம். முள்ளு ஏறுச்சுன்னா பிஸ்டன் பக்கம் போச்சு. ஏறலன்னா வால்வுதான், அத மாத்திரலாம்."

"பிஸ்டன்னா?"

"இதுக்குப் பிஸ்டன் நாட்டுலயே இல்ல. வேற இஞ்சின் போடலாம். ஓடும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வேறு எஞ்சின் ஓடும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அவள் ஓட்டியது அதுவாக இராது. அவளுடையதை அழித்தவன் நானாகியிருப்பேன்.

மூன்றாவதில் எண்ணெயை ஊற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பதற்காக என்னைச் சாரதி ஆசனத்தில் உட்காரச் சொன்னார். திறந்திருந்த பொனட் எல்லாவற்றையும் மறைத்தது. முள் எனக்குத் தெரியவில்லை. அவருடைய ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது.

"ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு இழுங்க."

இழுத்தேன். ஐந்து சுற்று. முழங்கை அசையவில்லை.

"இன்னொருக்கா."

இழுத்தேன். அழுத்தமானியைக் கழற்றும் ஒலி கேட்டது. பிறகு எதையோ தேடினார். நான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"பாஸ்."

"ஏறல சேர். இருங்க, டோர்ச்ச எங்க வச்சேன்னு பாக்குறேன்."

மறுநாள் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். மூன்றாம் சிலிண்டரின் வால்வு ஓரம் அரித்துக் கிடந்தது. பிஸ்டன்கள் நான்கும் முழுதாக இருந்தன, தார் பூசியதுபோல் கரியோடு. உலோகத்தில் கீறல் விழாதிருக்க ஒரு மூங்கில் சீவலைச் சுரண்டக் கொடுத்தார். நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நெருங்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஓரத்த விடுங்க சேர். தேஞ்ச இஞ்சின். அந்த வட்டக் கரிதான் எண்ணெய மேல ஏற விடாம பிடிச்சு வச்சிருக்கு. அதையும் எடுத்தா நாளைக்கே பொகைக்கும்."

விட்டேன். நான்கு பிஸ்டன்களிலும் மெல்லிய கறுப்பு வளையம் இருக்கிறது.

வால்வை மாற்றி எல்லாவற்றையும் பூட்டிய பின், சாவியைத் தருவதற்குமுன் பாஸ் நிபந்தனை விதித்தார். "எங்கயாவது போறதா இருந்தாத்தான் ஸ்டார்ட் பண்ணணும். அரை மணித்தியாலமாவது ஓடணும். சூடாகினதும் சோக்க உள்ள தள்ளிருங்க. ஏத்தத்துல பயப்படாம மிதிங்க."

"போறதுக்கு எனக்கு இடமில்லையே பாஸ்."

"வத்தேகமைக்குப் போங்க. கத்தரிக்கா வாங்குங்க. எதுக்கு வந்தீங்கன்னு இஞ்சின் கேக்கவா போகுது?"

இரண்டு சனிக்கிழமைகள் போய் வந்தேன். ஏற்றங்களில் தட்டும் ஒலிக்காகக் காதைக் கொடுத்தபடி மிதித்தேன். தட்டவில்லை. கத்தரிக்காய் தேவைக்கு மேல் இருக்கிறது.

இன்னும் செய்யாதவை:

புகைப் பரிசோதனை.

சாரதி ஆசனத்தைப் பின்னுக்கு நகர்த்துவது. முழங்கால் இடிக்கிறது.

பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயரை மாற்றுவது.

முந்நூறு மைல் ஓடிய பின் மேல்மூடியின் நட்டுகளை மீண்டும் இறுக்குவது. ஓடியது நாற்பத்துநான்கு. மீதி இருநூற்று ஐம்பத்தாறு.