பையில் போன மீன்கள்

தண்ணீர் நிறைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பாலிதீன் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் சங்கராபுரம் வண்டியின் ஜன்னலோரம் என் அண்ணி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பைக்குள் கறுப்பு டெட்ரா மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அப்பா வீட்டுக்குப் போகிறவர்கள் பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போவார்கள். மீனைத் தூக்கிக்கொண்டு போனவர் எனக்குத் தெரிந்து அண்ணி ஒருவர்தான்.

அந்தத் தொட்டி எங்கள் அம்மாவின் ஏற்பாடு. அண்ணன் சிங்கப்பூர் போன புதிதில், மீன்தொட்டி இருந்தால் வீட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, தங்கமீன்களை வாங்கி விட்டாள். திருஷ்டியை வாங்கிக்கொள்ளக் கறுப்பாக ஒன்று வேண்டும் என்று ஒரே ஒரு டெட்ராவும் வந்தது. தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கண்பட்டதெல்லாம் மீனோடு போயிற்று என்று அம்மாவுக்குச் சந்தோஷம்தான். கறுப்பு மட்டும் சாகவில்லை. தீனி போட்டாலும் வெளியே வராமல் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டார். “இது கூட்டத்தோட திரியற மீனும்மா. தனியா வுட்டா பயந்துக்கினே இருக்கும். துணைக்கு நாலஞ்சு வுடுங்க, லேசுல சாவாது” என்றாராம். துணை வந்ததும் அது செடியைவிட்டு வெளியே வந்தது. எல்லாம் சேர்ந்து கண்ணாடிக்குக் கண்ணாடி போய்த் திரும்பின. தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் அண்ணியின் வேலையாகவே ஆகிவிட்டன.

சங்கராபுரத்தில் அண்ணியின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். போகாதே என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் அம்மாவின் சாமர்த்தியம். “போய்ட்டு வாம்மா, நான் இன்னா வேணான்னா சொல்றேன்? மீனுங்கள யாரு பாத்துக்கறது?” என்பாள். நான் கல்லூரிக்குப் போகிறவள், அம்மாவுக்கு முட்டிவலி. அண்ணி போவார், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். சாகாத மீனாகப் பார்த்து வாங்கி வந்ததும் அவர்தானே.

அண்ணியின் அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று தகவல் வந்த காலையிலும் அம்மா அதையேதான் கேட்டாள். அண்ணி டீ வடிகட்டியை எடுத்துவந்து மீன்களை அள்ளி, தொட்டித் தண்ணீரோடு பையில் விட்டுக் கட்டினார். “மீனுங்களையும் கூட்டிக்கினு போறேங்க அத்தை” என்றார். நான்தான் கூடப் போய்ப் பேருந்து ஏற்றிவிட்டேன்.

கடைசி மூச்சு வரை அப்பாவின் பக்கத்திலேயே இருந்து, காரியம் முடிந்ததும் அதே போல ஒரு பையோடு வந்து இறங்கினார். அங்கே பிளாஸ்டிக் பக்கெட்டில் கிடந்த மீன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன். “தொட்டி இங்கதானே இருக்குது” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது நான் எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் அம்மா படுத்த படுக்கை. பார்த்துக்கொள்வது அண்ணிதான். நேற்று போனில், “அத்தை உன்னையே கேட்டுக்கினு இருக்காங்க. உங்க வூட்ல இன்னா சொல்றாங்க?” என்றார்.

“போய்ட்டு வான்னுதான் சொல்றாங்க அண்ணி. மாட்டுக்கு யாரு பால் கறக்கறதுன்னு கேக்கறாங்க.”

கன்றாக இருந்தபோதிலிருந்து நான் ஆசையாக வளர்த்த மாடு. என் கை பட்டால்தான் பால் விடும்.

தொட்டியின் மோட்டார் குமிழி விடும் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. மீனைப் பையில் கட்டிக்கொண்டு பேருந்து ஏறலாம். நான் தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.