பதினொரு இதயப் படங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. ஒரு பெண் கங்காணியாக இருப்பதை எங்கள் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். அதனாலேயே என் குரலைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தேன்.

அந்த வருடம் என் மகளுக்குப் பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை. வருடத் தொடக்கத்தில், பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் மறுபடியும், வகுப்பிலேயே. கூடப் படிக்கிற பிள்ளைகள் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டர் மாத்திரை எழுதித் தந்து, சிங்களத்தில் நிறையச் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். திருப்பிக் கேட்டால் அவமானம் என்று நினைத்து, புரியாததற்கெல்லாம் "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள் மகள். வீட்டிலேயே படிக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் வெட்கமாக இருந்தது. அதிபர் நல்ல மனிதர். மருத்துவச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அவள் பெயரை வெட்டாமல் வைத்திருந்து பரீட்சைக்கு அனுப்புவதாகச் சொன்னார். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்த வகுப்புத் தோழி, பாடம் எழுதிய கொப்பிகளைக் கொண்டுவந்து கொடுப்பாள்.

வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஆக, எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நானே அதிபர், நானே டீச்சர். நான் படித்தது எட்டாம் வகுப்பு. பாடம் சொல்லித்தர வழியில்லை, வேலை வாங்கத் தெரியும். மலையில் ஒவ்வொருத்தருக்கும் இத்தனை கிலோ என்று இருப்பது போல, மகள் ஒரு நாளைக்கு இருபது பக்கம் எழுத வேண்டும் என்று வைத்தேன். காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவேன். மாலையில் வந்து, விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தை எண்ணுவேன். சரியாக இருந்தால் தேத்தண்ணியோடு ஒரு பணிஸ். குறைந்தால் வசவு. மாத்திரை போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். காய்ச்சலோடு மலை ஏறுகிற பெண்களைப் பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன்.

கொஞ்ச நாளில் பக்கம் குறைவதே இல்லை. மகள் பாஸாகிவிடுவாள் என்று மலையில் பெருமையடிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும். அன்று காலை நிறுவையில் ஓர் அக்காவின் கூடையைப் பிடித்தேன். மேலே நல்ல பச்சைக் கொழுந்து. கைவிட்டுப் புரட்டினால் அடியில் முற்றல் இலை. எடையை நம்பாமல் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது கங்காணி வேலையில் முதல் பாடம். எல்லோர் முன்னாலும் அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதால் வேலையை நிறுத்திவிட்டார்கள். நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

மகள் கொப்பி மேலேயே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் பேனா அப்படியே இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் கைக்கு அடியிலிருந்து கொப்பியை உருவினேன். எண்ணுவதற்குத்தான். அன்று என்னவோ கை பின்னால் புரட்டிக்கொண்டே போனது.

விஞ்ஞானப் பாடம், குருதிச் சுற்றோட்டம். பக்கத்தில் ஓர் இதயப் படம். பத்துப் பதினைந்து தாள் புரட்டினால் அதே படம். அதற்கு முன்னாலும் அதே படம். எனக்கு விஞ்ஞானம் தெரியாது, ஆனால் பார்த்த படத்தைத் தெரியாதா? அடியில் கிடந்த பழைய கொப்பிகளையும் எடுத்துப் பார்த்தேன். பதினொரு இடத்தில் அதே பாடம், ஒரு வரி மாறாமல்.

சத்தம் கேட்டு அவள் விழித்துக்கொண்டாள்.

"என்னைய ஏமாத்தத்தான் இப்புடி எழுதி வச்சியா?" என்று கேட்டேன்.

"ஏமாத்தலம்மா. எழுதினா மனசுல நிக்கும்னு பாத்தேன். மறுநா காலையில பாத்தா ஒண்ணுமே இருக்காது. அதான் திரும்பத் திரும்ப எழுதுறேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என் கையிலிருந்த கொப்பியை வாங்கி மூடினாள்.

"நீங்க பக்கந்தானேம்மா கேட்டீங்க."

அன்றைக்குப் பக்கத்தை எண்ணவில்லை.

அடுத்த வாரமே டாக்டரிடம் போனோம். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸம்மாவை வைத்துக்கொண்டு கேட்டேன். சிலருக்கு அந்த மாத்திரை இப்படி மந்தமாக்குமாம். அப்படி இருந்தால் உடனே வந்து சொல்லுங்கள், மாற்றித் தரலாம் என்று முதல் நாளே சொன்னாராம். நான் "ஹரி" என்று தலையாட்டிய விஷயங்களில் அதுவும் ஒன்று.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பந்தி, நாலைந்து வரி, படித்துவிட்டு எனக்கு விளங்கும்படி சொல்லவேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கம் போனாலே பெரிது. ஒரு நாள், "இதயத்துக்கே நாலு காம்பராம்மா, நமக்கு ரெண்டுதான் குடுத்திருக்காங்க" என்று லயத்து வீட்டின் இரண்டு அறைகளையும் காட்டிச் சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் ஒன்றரை மாதம் எந்த மூலைக்கு? பரீட்சையில் கணிதமும் விஞ்ஞானமும் போய்விட்டன. மறுபடி எழுதச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது, போதும் என்றாள். இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வலிப்பு வருவதில்லை, அதற்குக் கடவுளுக்கு நன்றி. அவளுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. இருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதும் கூடைகளைக் கைவிட்டுத்தான் பார்க்கிறேன். அடியில் முற்றல் இருந்தால் சத்தம் போடுவதில்லை. தனியாகக் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன என்று கேட்கிறேன். காலையில் அந்தத் தோழி வெள்ளை உடுப்போடு உயர்தர வகுப்புக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், அதே பாடத்தை அவள் எழுதிய அந்தப் பதினொரு நாளில் ஒரே ஒரு நாள் எண்ணுவதை விட்டுவிட்டு என் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.