தூக்கிவிடும் கைகள்

குரும்பகரத்திலிருந்து ஆட்டோவில் வந்து நாங்கள் ஏறும் சின்ன ஸ்டேஷனில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரம் தாழ்வு. நாற்காலியில் உட்கார்ந்தால் பெட்டியின் படி என் நெஞ்சுக்கு வரும். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. வாரம் ஒருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். என்னைச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மடக்கிய சக்கர நாற்காலியோடு கணவர் முதலில் ஏறுவார். டீக்கடைக்காரர் கீழேயிருந்து என்னைத் தூக்கிக் கொடுக்க, அவர் என் அக்குளில் கைபோட்டு இழுத்துக்கொள்வார்.

போன மழையில் அவர் பிடி நழுவியது. ரயில் நகர ஆரம்பித்திருந்தது. என் கால்கள் இடைவெளியில் தொங்கின. கீழே ஜல்லியும் சக்கரமும் தெரிந்தன. யாரோ என் தலைமுடியோடு சேர்த்துப் பிடித்து உள்ளே போட்டார். அதிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் ரயில்.

எந்த ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை உயர்த்திச் சாய்தளம் போடுவது என்று முடிவுசெய்ய, ரயில்வேயிலிருந்து கணக்கெடுக்க ஒருவர் வந்தார். முதல் வாரம் நான் ஏறியதைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். மறுவாரம் ரயிலுக்கு முன்னால் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். காகிதத்தைக் காட்டினார். மாற்றுத்திறனாளிகளில் ஏறியவர் ஒருவர், ஏற முடியாதவர் யாருமில்லை.

“நீங்கதான் ஏறிட்டீங்களேம்மா. நான் வேறென்ன எழுதுறது?” என்றார்.

நல்ல மனுஷர்தான். ஏற முடியாதவர்கள் இருக்கும் ஸ்டேஷனுக்கே முதலில் வேலை நடக்கும், இன்றோடு கணக்கு முடிகிறது என்றும் அவரே சொன்னார். இத்தனை நாள் தூக்கிவிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. உடனே என் நன்றிகெட்ட புத்தியை நினைத்துக் கூசியது.

ரயில் வந்தது. நாற்காலியோடு கணவர் ஏறினார். டீக்கடைக்காரர் என் முழங்காலுக்கடியில் கை கொடுத்தார். நான் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்கண்ணே. இன்னைக்கு என்னைத் தூக்காதீங்க.”

அவர் மிரண்டுபோய்க் கையை எடுத்துவிட்டார். கணவர் வாசலில் நின்று கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். குதிக்கப் போனவரை உள்ளே இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரயில் போய்விட்டது. அவரும் போய்விட்டார், என் நாற்காலியும் போய்விட்டது.

அந்தப் பெஞ்சிலிருந்து என்னால் ஒரு சாண்கூட நகர முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. கணக்கெடுப்பவர் ஓடிவந்து, இனி எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டார்.

“தெரியலைங்க,” என்றேன். “அதையும் சேத்து எழுதிக்குங்க.”