அவளுடைய ‘நாங்கள்’

எனக்கு ஊர் மதுரை. கட்டிக்கொண்டது யாழ்ப்பாணத்துக்காரரை. முதல் மனைவியை இழந்தவர், ஒன்பது வயதில் ஒரு மகள். இங்கிலீஷ்காரர்கள் ஊரான ஹரோவில் குடியிருந்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு டீச்சர் கிடைக்கவில்லை என்றார்கள். மதுரைக்காரிக்குத் தமிழ் சொல்லித்தரத் தெரியாதா என்ற திமிரில் தலையை ஆட்டிவிட்டேன். மகளும் என் வகுப்பில்தான் உட்கார்ந்தாள். என்னை அன்ரி என்று கூப்பிடுவாள்; அவர்கள் வாயில் ஆன்ட்டி அப்படித்தான் வரும்.

ஒரு வாரம் ‘நாம், நாங்கள்’ பாடம். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஆங்கிலத்துக்கு இந்தக் கொடுப்பினை இல்லை என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னபோது அவள் ஒன்றுகூடத் தப்பு விடவில்லை.

அடுத்த வாரம், வீட்டில் யாருக்காவது கடிதம் எழுதுங்கள் என்றேன். அவள் எனக்கே எழுதியிருந்தாள். “அன்பான அன்ரி, லீவுக்கு நாங்கள் கடலுக்குப் போவோம். நாங்கள் சிப்பி பொறுக்குவோம். அப்பா நீந்துவார்.”

சிவப்புப் பேனா கையிலேயே நின்றுவிட்டது. யார் இந்த நாங்கள்? அப்பாவும் மகளுமா, நானும் உண்டா? தப்பாக எழுதியிருந்தால் நானும் கடலுக்குப் போகிறேன். சரியாக எழுதியிருந்தால் வீட்டில் கிடக்கிறேன். தன் மாணவி தப்பு விட்டிருக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்ட டீச்சர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் பாழாய்ப்போன பிள்ளை, கோடிட்ட இடமெல்லாம் சரியாக நிரப்பியவளாச்சே!

சமையலறையில் அவரிடம் கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே சிரித்தார்.

“எங்கட வீட்டிலை நாம் எண்டு ஆர் கதைக்கிறது? அது மேடையிலை பேசுறது. எல்லாத்துக்கும் நாங்கள்தான்.”

“அப்போ கடலுக்கு நானும் உண்டா இல்லையா?”

“அது எனக்கெப்பிடித் தெரியும்? நீர் பிள்ளையைக் கேளும்.”

கேட்கப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் எந்த மூஞ்சியோடு அவளுக்குச் சோறு போடுவது? அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒவ்வொரு ‘நாங்களுக்கும்’ காதைத் தீட்டிக்கொண்டேன். “நாங்கள் பீட்சா எடுப்பம்” என்பாள். எனக்கும் ஒரு துண்டு வரும். மரியாதைக்குக் கொடுத்ததாகவும் இருக்கலாமே என்று குழம்புவேன்.

ஒரு சனிக்கிழமை காலை, வகுப்புக்குக் கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

“கடிதத்தில் ஏன் நாம் போடவில்லை? உனக்குத்தான் தெரியுமே?”

ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். என்ன கேள்வி இது என்பது போன்ற பார்வை.

“‘நாம்’ எண்டுறது கிளாஸுக்கு, அன்ரி.”

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் வாசலிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“லேட்டாகுது, வாங்கோ. நாங்கள் போவம்.”

அவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம்.