அத்தான் விழுங்கிய இரும்புத் துண்டு

அந்த இரும்புத் துண்டு சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அரைவட்டமாக, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். படகின் பின்பக்கம் பூட்டுகிற அவுட்போட் எஞ்சினின் தண்ணீர்ப் பம்புக்குள் ஒரு றப்பர் சில்லு உண்டு. அது சுற்றினால்தான் கடல்நீர் மேலேறி எஞ்சின் சூடாகாமல் ஓடும். சில்லும் தண்டும் சேர்ந்து சுற்றுவதற்காகத் தண்டிலுள்ள பள்ளத்தில் இந்தத் துண்டை வைப்பார்கள். இது இல்லாவிட்டால் தண்டு மட்டும் சும்மா சுற்றும், சில்லு அசையாது. இதையெல்லாம் நான் விரும்பிக் கற்கவில்லை. பன்னீர்க்குடம் உடைந்த வயிற்றோடு கொட்டியாரக் குடாவின் தென்கரை மணலில் படுத்துக்கொண்டு, என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அந்தப் பம்பை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டது.

எனக்கு அத்தானைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது ஒரு தியாகியின் கதையாகப் போய்விடும். கை நீட்டாமல் அவருக்கு ஒரு நாள் போகாது. எஞ்சின் பிடிக்காவிட்டால் அதன் மூடியில் உதைப்பார். சோறு குழைந்தால் சோற்றுக் கோப்பை சுவரில் போய் விழும். மிச்சமெல்லாம் அவர் மனைவியின் முதுகில். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துளையால் தண்ணீர் பீச்சிக்கொண்டு வரவேண்டும். எஞ்சின் மூத்திரம் பெய்கிறது என்று எங்கள் கரையில் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் மெலிந்து வருவதை முதலில் கண்டவர் அக்காதான். “இஞ்சேருங்கோ, தண்ணி நூல்மாதிரி வருது. பம்பை ஒருக்காப் பாருங்கோ” என்றார். “எஞ்சினைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தாறியோ?” என்று கேட்டு அத்தான் கன்னத்தில் அறைந்தார். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். அதற்குப் பிறகு அவர் பம்பை மாற்றினால் அக்கா சொன்னது சரியென்று ஆகிவிடும் அல்லவா. கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் எப்போதோ எடுத்த புதுச் சில்லு, பொலித்தீனில் சுற்றியபடி கருவிப் பெட்டியிலேயே கிடந்தது.

என் கணவர் அப்போது குடாவுக்கு அக்கரையிலுள்ள நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தார். யுத்தத்தில் பாதை மூடப்பட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். தோப்பூர்ப் பக்கம் செல்லடி, குண்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கிண்ணியாத் துறையில் படகுச் சேவை நின்றுபோயிருந்தது. இந்த நிலையில்தான் எனக்கு ஒரு காலையில் வலி தொடங்கியது. ஊர் மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை குறுக்க கிடக்குது. என்னால ஏலாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, இல்லாட்டி ரெண்டு உயிரும் போயிடும்” என்றார். நகரத்துக்குப் போகக் கடல் ஒன்றுதான் மிச்சம். கடலில் கண்டால் சுடுகிற காலம் அது. அத்தான் உடனேயே என்னையும் அக்காவையும் ஏற்றிப் போட்டைத் தள்ளினார். அதில் மட்டும் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் கருகிய மணம் வந்தது. துளையால் தண்ணீருக்குப் பதிலாக ஆவி வந்தது. அத்தான் எஞ்சினை நிறுத்தினார். அவரும் அக்காவுமாகத் துடுப்புப் போட்டுக் கரைக்கே திரும்பினார்கள். அத்தான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மணலில் சாக்கை விரித்து எஞ்சினைக் கிடத்தினார். தண்ணீருக்குள் நிற்கிற அடிக்காலைப் பிரித்து, பம்பு மூடியைத் திறந்து, பழைய சில்லை எடுத்தபோது அதன் இதழ்கள் கையோடு உதிர்ந்தன. பிறகு அந்த இரும்புத் துண்டைக் குறட்டால் எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார். மணலில் விழுந்தால் தேடிப் பிடிக்க ஏலாது. சேர்ட் பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடும். எங்கள் கரையில் எஞ்சின் வேலை செய்கிற எல்லோருமே சின்னச் சாமானை வாய்க்குள்தான் வைப்பார்கள். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு வினையாகியது.

தாழம் பற்றைக்குப் பின்னாலிருந்து சீருடை போட்ட ரோந்துக்காரர்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் துவக்கு. முன்னால் வந்தவன், “என்ன செய்றது?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான். அத்தான் வாயைத் திறக்காமல் எஞ்சினைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். “வாய்க்குள்ள என்ன?” என்று அவன் தாடையைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனான். அத்தான் திடுக்கிட்டார். அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை நான் கண்டேன். விழுங்கிவிட்டார்.

பிடிபட்டால் கடித்துச் சாவதற்கென்று இயக்கத்து இளைஞர்கள் கழுத்தில் நஞ்சுக் குப்பி கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. துவக்கைக் கண்டதும் ஒருவன் எதையாவது விழுங்கினால் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது. வந்தவர்களுக்கு அவர் சாவதைப் பற்றிக் கவலையில்லை, கேள்வி கேட்பதற்கு முன்னர் செத்துவிடக்கூடாது, அவ்வளவுதான். ஒருவன் துவக்குப் பிடியால் வாயில் அடித்தான். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மல்லாக்கத் தள்ளி ஒருவன் நெஞ்சில் ஏறியிருந்தான். இன்னொருவன், போட்டில் நீர் இறைக்கும் தகரத்தால் கடல்நீரை அள்ளி அள்ளி அவர் வாய்க்குள் ஊற்றினான். பிறகு புரட்டிப் போட்டு வயிற்றில் உதைத்தார்கள். அந்தச் சப்பாத்துகள் பட்ட சத்தம், ஈரச் சாக்கைத் தடியால் அடிப்பதுபோல இருந்தது. “அது இரும்பு, எஞ்சின்ர இரும்பு” என்று நான் கத்தினேன். அவர்களுக்கு அது விளங்கவும் இல்லை, விளங்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. இடையில் எனக்கு வலி வந்து, என் குரலும் அவர் குரலும் ஒன்றாகிப் போயின.

அத்தான் திருப்பிக் கை ஓங்கவில்லை. சோறு குழைந்ததற்குக் கை நீட்டிய மனுசன். ஓங்கினால் சுடுவார்கள், சுட்டால் போட்டை ஓட்ட ஆளில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அடி வாங்கவும் அவருக்குத் தெரியவில்லை. கையையும் காலையும் விரித்து, வயிறு முழுவதையும் காட்டிக்கொண்டு கிடந்தார். நெஞ்சுக்கு நேரே துவக்கு நீட்டப்பட்டிருந்த அக்கா, அப்படியே நின்றபடி சொன்னார்: “காலை மடிச்சுச் சுருண்டு படுங்கோ. தலையைக் கையால மூடுங்கோ. மூச்சைப் பிடியாதேங்கோ, பிடிச்சாத்தான் கூட நோகும்.” அழுகை இல்லை. குழம்புக்கு எப்போது புளி விடுவது என்று எனக்குச் சொல்லித் தந்த அதே குரல். அத்தான் அப்படியே செய்தார். அக்காவின் சொல்லை அவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் அவர் வாந்தி எடுத்தார். கடல்நீர், இரத்தம், பழஞ்சோறு, அதற்குள் அந்த இரும்புத் துண்டு. ஒருவன் சப்பாத்து நுனியால் கிளறிப் பார்த்தான். இன்னொருவன் சிரித்தான். பெரியவன்போல இருந்தவன் என் நனைந்த சேலையைப் பார்த்துவிட்டு, “போ, போ” என்றான். போகிற போக்கில் ஒருவன் கருவிப் பெட்டியை உதைத்துக் கவிழ்த்தான். சுடாமல் போனார்களே என்று மனதுக்குள் அவர்களுக்கு நன்றி சொன்னேன். அந்த நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தான் தவழ்ந்துபோய் அந்தத் துண்டைப் பொறுக்கி எடுத்து அலையில் கழுவினார். தண்டின் பள்ளத்தில் அது நழுவிக்கொண்டே இருந்தது. அக்கா குந்தியிருந்து விரல் நுனியால் அதைப் பிடித்துக்கொண்டார். புதுச் சில்லுக்குச் சவர்க்காரம் பூசித்தான் மூடிக்குள் இறக்குவார்கள், அன்றைக்கு அத்தானின் வாயிலிருந்து வடிந்ததே போதுமானதாக இருந்தது. தண்டை வலப்பக்கமாகச் சுற்றச் சுற்ற, றப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக மடிந்து மூடிக்குள் இறங்கின. கவிழ்ந்த பெட்டியிலிருந்து மணலுக்குள் போன பம்பு மூடி ஆணிகளில் ஒன்று கிடைக்கவில்லை. அந்த இடத்தை அத்தான் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

போட் கிளம்பியதும் துளையால் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. அத்தான் குடாவைக் கடக்கும்வரைக்கும் ஒரு கையைப் பின்னால் நீட்டி அந்தத் தண்ணீருக்குள் வைத்திருந்தார். சூடு ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் வழி. இடைக்கிடை கடலுக்குள் இரத்தம் துப்பினார். நான் என் பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கையை வைத்திருந்தேன். வெகுநேரமாக அசைவில்லை. “பிள்ளை, கண்ணை மூடாதை” என்று அத்தான் இரண்டொரு தரம் உடைந்த வாயால் எனக்குச் சொன்னார்.

பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறித்தான் என் மகளை எடுத்தார்கள். நீலம் பாரித்து, சத்தமில்லாமல் வந்தாளாம். பிறகுதான் அழுதாள். மறுநாள் மத்தியானம் அத்தானும் அக்காவும் என் கட்டிலருகே நின்றார்கள். அவருடைய முகம் ஒரு பக்கம் பலாப்பழம்போல வீங்கியிருந்தது. மருந்து கட்ட வந்த நேர்ஸ் மிசி, “உங்களுக்கு என்ன நடந்தது ஐயா?” என்று கேட்டார். அடித்தவர்களைப் பற்றி வாய் திறந்தால் அது இன்னொரு விசாரணையில் போய் முடியும். “போட்டில வழுக்கி விழுந்தனான்” என்றார் அத்தான். மிசி நம்பவில்லை என்பது தெரிந்தது. அக்கா நிலத்தைப் பார்த்தபடி, “நானும் இஞ்ச வந்தா உப்பிடித்தான் சொல்லுறனான் மிசி” என்றார். மிசி பஞ்சை எடுத்துக்கொண்டு அத்தானின் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

இப்போது கிண்ணியாவில் பாலம் இருக்கிறது. என் மகள் பஸ்ஸில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடந்து போகிறாள். நான் எத்தனையோ பேருக்கு அத்தான்தான் எங்களைக் காப்பாற்றினார் என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மை. அன்றிலிருந்து அவர் திருந்திவிட்டார் என்று எழுதவும் ஆசைதான். சில மாதங்கள் கையை அடக்கிக்கொண்டிருந்தார். வாய்க் காயம் ஆறியதும் பழையபடி தொடங்கினார். மகள் நடக்கப் பழகிய காலத்தில், முழங்கை முறிந்து, அக்கா ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில் அத்தானும் வந்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் வாசல் கேற்றைத் திறக்கவில்லை.

“அவளை வரச் சொல்லு” என்றார்.

“ஏலாது அத்தான்.”

“உன்னையும் பிள்ளையையும் நான்தானே கொண்டுவந்து சேர்த்தனான்?”

“ஓம், நீங்கள்தான். அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். அக்காவை அனுப்ப ஏலாது.”

கேற்றை உதைப்பார் என்று நினைத்தேன். உதைக்கவில்லை. உடைந்த பல் தெரிய ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்து போனார். நான் உள்ளே ஓடினேன். அறைக் கதவுக்குப் பின்னால் அக்கா, என் மகளை இடுப்பில் வைத்து, அவள் சத்தம் போடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“போயிட்டார் அக்கா” என்றேன்.

பிள்ளையின் வாயிலிருந்து கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.